கம்பியில்லாக் குரலுக்கும் காவல் வேண்டும்

தொலைபேசியின் ரிஸீவரை எடுத்துக் காதில் வைத்ததும் சீரான ஓர் ஒலி கேட்கும். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று நம்மில் பெரும்பாலோர் ஆராய்ந்ததில்லை. கிணற்றில் வாளியை இறக்கினால் தண்ணீர் ஏறும் என்பதுபோல, ரிஸீவரை எடுத்தால் ஒலி வரும் என்று நம்பினோம். ஊரே இருளில் மூழ்கிய இரவிலும் அந்த ஒலி வந்தது. வராத நாளில் துறையைத் திட்டித் தீர்த்தோம். வந்த நாள்களுக்காக யாரையும் வாழ்த்தியதில்லை.

1882ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அன்று தொட்டு நம் நாட்டில் தொலைபேசி என்பது பிறர் பொறுப்பில் இருந்த பொருள். கருவி நம் மேசைமேல் இருக்கும். அதன் உயிர் நிலையத்தில் இருக்கும். மின்னோட்டம், கம்பி, இணைப்பு, இரகசியம், பழுதுபார்ப்பு ஆகிய அனைத்தையும் நிலையத்தார் சுமந்தனர். கட்டணத்தைக் கட்டியதோடு நம் கடமை முடிந்தது.

இன்று கடைகளிலும் கிடங்குகளிலும் மருத்துவமனைகளிலும் கம்பியில்லா இணையத் தொலைபேசிகள் புகுந்துவிட்டன. கையடக்கமான அக்கருவியை எங்கும் எடுத்துச் செல்லலாம், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அழைப்பை மாற்றலாம், செலவும் குறைவு. இவை யாவும் உண்மையே. ஆயினும் வாங்குவோர் பலர் எண்ணிப் பாராத ஒன்றுண்டு. இதுகாறும் தொலைபேசி நிலையம் சுமந்து வந்த கடமைகள், இக்கருவியோடு சேர்ந்து நம் வீட்டுக்கும் கடைக்கும் வந்துவிடுகின்றன. அக்கடமைகளை அறிந்து ஏற்பவருக்கே இக்கருவி பயன்தரும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1975 முதல் 2012 வரை தொலைபேசித் துறையில் பணியாற்றியவன் என்ற உரிமையில் இதனை எழுதுகிறேன். டிரங்க் கால் மேசையில் தொடங்கி, நிலையத்தின் இயந்திர அறையில் முடிந்தது என் பணிக்காலம். தபால் தந்தித் துறையாக இருந்தது, 1985இல் தொலைத்தொடர்புத் துறையாகப் பிரிந்து, 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பாரத் சஞ்சார் நிகாம் ஆன மாற்றங்களை உள்ளிருந்தே கண்டவன் நான்.

குரல் கடிதமாகும் விந்தை

முதலில் இப்புதிய கருவி எவ்வாறு பேசுகிறது என்பதைப் பார்ப்போம். பழைய முறையில், நாம் பேசத் தொடங்கியது முதல் முடிக்கும் வரை நமக்கென்றே ஒரு பாதை ஒதுக்கப்பட்டிருக்கும். அப்பாதையில் வேறெவரும் குறுக்கிட முடியாது. இணையத் தொலைபேசியில் அத்தகைய தனிப்பாதை கிடையாது. நம் குரலை அக்கருவி ஒரு நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அவ்வெண்களை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு கட்டாகக் கட்டுகிறது. பரவலாக உள்ள முறையில் ஒவ்வொரு கட்டிலும் குரல் 160 பைட்டு. அனுப்புநர், பெறுநர் முகவரிகளும் வரிசை எண்ணும் தாங்கிய உறை 40 பைட்டு. ஆக, நாம் 'ஸலாம்' என்று சொல்லி முடிப்பதற்குள் இருபது முப்பது கடிதங்கள் புறப்பட்டுவிடுகின்றன!

கடிதமென்றால் வழியில் தங்கலாம், தவறலாம், பின்னே போட்டது முன்னே சேரலாம். காகிதக் கடிதம் ஒரு நாள் தாமதித்தால் குடி முழுகிவிடாது. குரல் கடிதமோ நொடியில் ஏழில் ஒரு பங்குக்குள், அதாவது 150 மில்லி விநாடிக்குள் சேர்ந்தாக வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேலும் தாமதம் கூடினால் ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு ஏறும்; உரையாடல் சண்டை போலத் தோன்றும்.

இக்கடிதப் போக்குவரத்தைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் நெறிமுறைக்கு எஸ்.ஐ.பி. என்று பெயர். 1999இல் வெளியாகி, 2002இல் திருந்திய வடிவம் பெற்றது. அதே 1999இல் அமெரிக்காவின் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தம் சிறு தொழிலுக்கு ஒரு தொலைபேசி இணைப்பகத்தை விலைகொடுத்து வாங்க வசதியின்றி, சாதாரணக் கணினியையே இணைப்பகமாக்கும் 'ஆஸ்டெரிஸ்க்' என்னும் மென்பொருளை எழுதி, யாவரும் எடுத்தாளத் திறந்துவிட்டார். இன்று ஒரு மளிகை மண்டிக்காரர் தம் கல்லாப் பெட்டியை விடச் சிறிய பெட்டியொன்றில் சொந்தத் தொலைபேசி நிலையம் வைத்திருக்கிறாரென்றால் அவ்விளைஞரின் கொடைக்கும் அதில் பங்குண்டு.

சென்னையில் முளைத்த விதை

கம்பியில்லா இணையக் கருவிகள் இரு வகைப்படும். ஒன்று, கணினிக்குப் பயன்படும் அதே வைஃபை அலையில் பேசுவது. மற்றொன்று, தனக்கென ஒரு சிறு கோபுரப் பெட்டி வைத்துக்கொண்டு 'டெக்ட்' என்னும் முறையில் பேசுவது. டெக்ட் என்பது ஐரோப்பியர் 1992இல் வகுத்த தரம், பேச்சுக்கென்றே பிறந்தது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் கம்பியின்றிப் பேசுவதற்காகவே அவர்கள் அதனை அமைத்தனர்.

அந்த வீட்டுக் கருவியை நாட்டுக் கருவியாக்கிய பெருமை தமிழகத்துக்கு உண்டு. 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரைச் சார்ந்த டெனெட் குழுவினரும், மிடாஸ் கம்யூனிகேஷன் டெக்னாலஜீஸ், அனலாக் டிவைசஸ் ஆகிய நிறுவனங்களுடன் சேர்ந்து, டெக்ட் தரத்தை அடிப்படையாகக் கொண்டு 'கார்டெக்ட்' என்ற அமைப்பை உருவாக்கினர். பூமிக்கடியில் செம்புக் கம்பி புதைக்கும் செலவு பெரிதாக இருந்ததால் சிற்றூர்கள் தொலைபேசியின்றிக் கிடந்த காலம் அது. கார்டெக்ட் அமைப்பு, பார்வைக்குத் தடையில்லாத இடத்தில் 10 கிலோமீட்டர் வரையிலும், இடையே அஞ்சல் கோபுரம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரையிலும் பேச்சையும், கூடவே இணையத்தையும் கொண்டு சென்றது. இணையத்தின் வேகம் 35 கிலோபிட். பேச்சு இல்லாதபோது 70 கிலோபிட். இன்றைய பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். அன்று அதுவே அரும்பொருள்.

2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் இவ்வமைப்பைக் கொண்டு இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. சிற்றூரில் எடுத்த கண்ணின் படத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் பார்த்து ஆலோசனை சொன்ன அற்புதமும் அங்கே நிகழ்ந்தது. ஆயினும் சில ஆண்டுகளில் அந்நிலையங்களில் பல மூடப்பட்டன. வருவாய் போதவில்லை, பழுது நேர்ந்தால் உடன் வந்து பார்ப்பாரும் அருகிவிட்டனர். அலை எட்டாமல் மூடப்பட்டவை அல்ல அவை. கருவியை நட்டவர் திரும்பிய பின் யார் பேணுவது என்ற கேள்விக்கு நிலையான விடை அமையவில்லை. மேலூர் கற்பித்த இப்பாடத்தை இன்று கருவி வாங்கும் ஒவ்வொரு வணிகரும் மனத்திற்கொள்ள வேண்டும்.

பேட்டையில் ஒரு மண்டி

நெல்லை நகரத்துக்கு மேற்கே, சேரன்மகாதேவி செல்லும் சாலையை அடுத்திருக்கும் பேட்டையில் என் மச்சானுக்கு ஒரு மொத்த வியாபார மண்டி உண்டு. வத்தல், மல்லி, பருப்பு வகைகள். முன்னே கடை, மேலே குடும்பம், பின்னே முற்றம், முற்றத்துக்கு அப்பால் வாய்க்காலை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் தகரக் கூரை போட்ட கிடங்கு. கடையிலிருந்து கிடங்குக்கு இருநூறு அடி தூரம் இருக்கும். "துவரை எத்தனை மூட்டை நிற்கிறது?" என்று அம்பாசமுத்திரத்து வியாபாரி தொலைபேசியில் கேட்டால், ஒரு பையன் ஓடிச்சென்று எண்ணிவிட்டு ஓடி வர வேண்டும். அதுவரை வியாபாரி காத்திருப்பாரா? வேறு மண்டிக்கு எண்ணைச் சுழற்றிவிடுவார்.

2022இல் என் மருமகன், அதாவது என் தங்கையின் மூத்த மகன், இக்குறையைத் தீர்க்க ஆறு வைஃபை தொலைபேசிகளை வாங்கினான். ஒரு நிறுவனத்தார் வந்து ஒரே நாளில் மாட்டிவிட்டுச் சென்றனர். பெட்டிகளில் பச்சை விளக்குகள் அழகாக எரிந்தன. அப்போது அங்கே நாற்பது ஆண்டுகளாகக் கணக்கெழுதும் பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மாட்ட வந்த இளைஞரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, கரண்டு போயிட்டா இது பேசுமா?"

இளைஞர் சிரித்தார், விடை சொல்லவில்லை. "மாமா, நீங்க வந்து ஒருதரம் பாத்துட்டுப் போங்க" என்று மருமகன் எனக்குச் சொல்லி அனுப்பியதன் காரணம் அக்கேள்வியே. நான் சென்று பார்த்தேன். அடுத்த மூன்று வாரங்களில் நானும் மருமகனும் சேர்ந்து செய்தவற்றைக் கடமை வாரியாகக் கூறுகிறேன்.

முதற்கடமை: மின்னோட்டம்

பழைய தொலைபேசி மின்வெட்டிலும் பேசியதே, எப்படி? நிலையத்தில் பெரிய ஈய அமில பாட்டரிகள் வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து 48 வோல்ட் மின்னோட்டம், பேச்சு வரும் அதே கம்பியில் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றது. மின்சாரம் நின்றால் பாட்டரி. பாட்டரி தளர்ந்தால் ஜெனரேட்டர். அந்த அறையின் அமில நெடி இன்றும் என் நினைவில் நிற்கிறது.

இணையத் தொலைபேசியில் கைக்கருவிக்குள் சிறு பாட்டரி இருக்கிறது. அது போதுமா? கைக்கருவி பேசுவது சுவரிலுள்ள அலைபரப்பிப் பெட்டியோடு. பெட்டி பேசுவது சுவிட்சோடு. சுவிட்ச் பேசுவது ரூட்டரோடு. ரூட்டர் பேசுவது கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியோடு. இச்சங்கிலியில் ஒரு கண்ணிக்கு மின்சாரம் இல்லையென்றாலும் கையிலிருப்பது வெறும் பொம்மை!

ஆகவே எல்லாக் கண்ணிகளையும் ஒரே யு.பி.எஸ்.ஸின் கீழ் கொண்டு வந்தோம். அலைபரப்பிப் பெட்டிகளுக்குத் தனித்தனி மின்செருகி வேண்டியதில்லை. வலைக்கம்பி வழியாகவே மின்னோட்டம் அனுப்பும் முறை 2003 முதல் தரப்படுத்தப்பட்டுள்ளது. அம்முறையிலும் பாய்வது ஏறத்தாழ அதே 48 வோல்ட் என்பதை அறிந்தபோது பழைய நண்பரைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன். எல்லாம் சேர்த்துச் சுமார் 80 வாட். வீட்டு இன்வர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று நல்ல நிலையிலிருந்தால் இச்சுமையை ஏறக்குறையப் பத்து மணி நேரம் தாங்கும். பெரியவரின் கேள்விக்கு விடை அந்த பாட்டரிதான்.

இரண்டாம் கடமை: பாதை

கம்பியில்லை என்பதால் பாதையுமில்லை என்று எண்ணலாகாது. அலைக்கும் சுவருண்டு, முட்டும், தேயும். தகரம் அலையைத் திருப்பி அடிக்கிறது. தானிய மூட்டையிலுள்ள ஈரம் அலையை விழுங்குகிறது. மாட்ட வந்தவர்கள் கிடங்கு வெறுமையாக இருந்த நாளில் சோதித்துவிட்டுச் சென்றிருந்தனர். மாசியில் புது வத்தல் வந்து மூட்டைகள் கூரை முட்ட ஏறியபின் பார்த்தால், நடுச்சந்தில் நிற்பவருக்குக் குரல் துண்டு துண்டாகக் கேட்டது.

பேசும் நிலையில் கருவியைக் கையிலேந்தி, மூலை மூலையாக நடந்து பார்ப்பதே நல்ல சோதனை. மருமகன் கைப்பேசிச் செயலியில் அலையின் வலுவைப் பார்த்துச் சொல்ல, நான் தாளில் குறித்தேன். குரலுக்கு –67 டெசிபெல்-மில்லிவாட் என்ற அளவுக்குக் குறையாமல் வலு வேண்டும் என்பது துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. –80க்கு இறங்கினால் கடிதம் எழுதலாம், பேச முடியாது. கிடங்கின் நடுச்சந்துக்கு நேர்மேலே இன்னொரு பெட்டி வைத்தபின் குறை தீர்ந்தது.

பெட்டிகளைக் கூட்டினால் மட்டும் போதாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. அடுத்தடுத்த பெட்டிகளுக்கு வெவ்வேறு தடம் கொடுக்க வேண்டும். அண்டை வீட்டார் பெட்டிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். முற்றம் வரை 5 கிகாஹெர்ட்ஸ் அலையையே நம்பினோம். அதில் தடங்கள் மிகுதி, நெரிசல் குறைவு, ஆனால் எட்டும் தூரமும் குறைவு. கடையிலிருந்து பேசிக்கொண்டே கிடங்குக்கு நடப்பவரை ஒரு பெட்டி மற்றொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். 2008இல் வகுத்த விரைவு ஒப்படைப்பு முறை, கைக்கருவி, பெட்டி இரண்டிலும் இருந்தால்தான் அது குரல் அறுபடாமல் நடக்கும். வாங்குமுன் கேட்க வேண்டிய செய்தி இது.

மூன்றாம் கடமை: முன்னுரிமை

டிரங்க் கால் காலத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என மூவகை அழைப்புகள் அன்று இருந்தன. ஆர்டினரி பதிந்தவர் மணிக்கணக்கில் காத்திருப்பார். லைட்னிங் பதிந்தவருக்குப் பன்மடங்கு கட்டணம். ஆனால் அவர் வரிசையின் தலைக்கே சென்றுவிடுவார். மரணச் செய்திகளும் மருத்துவச் செய்திகளும் அவ்வழி சென்றதை மேசையிலிருந்து கேட்டவன் நான்.

கடையின் வலையிலும் அதே நெரிசல் உண்டு. எட்டுக் காமிராக்கள் இரவு பகலாகப் படத்தை அனுப்புகின்றன. பில் போடும் கணினி தன் வேலையைச் செய்கிறது. மாடியில் பேரப்பிள்ளைகள் படம் பார்க்கின்றனர். இவற்றின் இடையே குரல் கடிதம் வரிசையில் நின்றால் என்னாகும்? படம் ஒரு நொடி நின்று ஓடினால் குற்றமில்லை. குரல் நின்றால் சொல் சிதைகிறது. எனவே ஒவ்வொரு குரல் கடிதத்தின் உறையிலும் 'விரைவு' என்னும் முத்திரை குத்தவும், அம்முத்திரையைக் கண்டால் முதலில் வழிவிடவும் சுவிட்சையும் ரூட்டரையும் அலைபரப்பியையும் பழக்க வேண்டும். அம்முத்திரையின் எண் 46. ஒரு கண்ணி மட்டும் முத்திரையை மதியாவிட்டாலும் முன்னுரிமை அங்கே மடிந்துவிடும். குரலுக்கென்று வலைக்குள்ளேயே தனித்தெரு ஒன்று பிரித்துவிட்டால் மேலும் நன்று.

இன்னொரு தொல்லையையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்தில் சில வெளி அழைப்புகளில், நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். அவர் பேசுவது நமக்குக் கேட்காது. கைக்கருவியைக் குறை கூறினர். குறை ரூட்டரில் இருந்தது. உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றி 'உதவுவதற்காக' எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒரு வசதி பல ரூட்டர்களில் இருக்கிறது. அது முகவரியைத் தப்பாகத் திருத்தவே, திரும்பி வரும் குரல் எங்கோ சென்றது. அதனை அணைத்ததும் இருவர் குரலும் கேட்டது. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் நோய் கண்டால் முதலில் இதனைப் பாருங்கள்.

நான்காம் கடமை: பூட்டு

டிரங்க் மேசையில் பணியேற்ற நாளில் மேலதிகாரி சொன்னது, கேட்டதை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்பதுதான். பிறர் பேச்சு அமானிதம். புதிய முறையில் அந்த அமானிதத்தைக் காப்பது வைஃபையின் சங்கேதப் பூட்டும், கருவியின் கடவுச்சொல்லும், குரலையே மறையாக்கி அனுப்பும் முறையும் ஆகும். கருவி வரும்போதே இருக்கும் கடவுச்சொல் உலகறிந்த இரகசியம். அதனை மாற்றாத நிலையங்களை இணையத்தில் தேடித் திரியும் கள்வர் உளர். இரவோடு இரவாக உள்ளே புகுந்து, கட்டணம் மிகுந்த அயல்நாட்டு எண்களுக்கு அழைத்துத் தள்ளுவார்கள். மாத முடிவில் பட்டியல் நம் பெயருக்கு வரும். அயல்நாட்டு அழைப்பு தேவையற்ற கருவிகளில் அதனைத் தடுத்தே வைப்பது அறிவுடைமை.

நம் குடும்பங்களில் வளைகுடா நாடுகளில் உழைப்போர் பலர். ஆகவே சட்டத்தையும் ஒரு சொல் கூற வேண்டும். நம் நாட்டில் 2002 ஏப்ரல் முதல் இணையப் பேச்சு குறிப்பிட்ட வரம்புக்குள் அனுமதிக்கப்பட்டது. இணையத்திலிருந்து உள்நாட்டுச் சாதாரண எண்களுக்கும் பேசலாம் என்ற நிலை 2018இல் வந்தது. இருப்பினும் வெளி எண்ணை உரிமம் பெற்ற நிறுவனத்திடமே வாங்க வேண்டும். "துபாயிலிருந்து இணையத்தில் வரும் அழைப்பை உங்கள் கடையில் உள்ளூர் எண்ணாக மாற்றிக்கொள்கிறோம், ஒரு பெட்டி வைக்க மட்டும் இடம் கொடுங்கள், மாத வாடகை தருகிறோம்" என்று எவரேனும் வந்தால் கதவை அடையுங்கள். அது கள்ளத் தொலைபேசி நிலையம். இடம் கொடுத்தவரும் வழக்கில் நிற்பார். அங்கேயும் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். சவூதி அரசு 2017 செப்டம்பரில் இணையப் பேச்சுச் செயலிகளுக்கான தடையைத் தளர்த்தியது. அமீரகத்தில் உரிமம் பெற்ற செயலிகளுக்கே இடமுண்டு. வாப்பாவின் குரலைக் கேட்கத் துடிக்கும் பிள்ளைகளுக்கு இவ்விதிகள் கடுமையாகத் தோன்றலாம். தெரிந்து நடப்பதே பாதுகாப்பு.

வெள்ளம் வைத்த தேர்வு

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வானம் பிளந்து கொட்டிய நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன.

அன்றிரவு மண்டியிலும் மின்சாரமில்லை. இணைய இழையும் அறுந்துவிட்டது. கைப்பேசியில் அலையில்லை. நள்ளிரவுக்கு மேல், கிடங்கில் காவலிருந்தவர் தம் கைக்கருவியில் மாடிக்கு அழைத்தார். வாய்க்கால் தண்ணீர் வாசற்படி தாண்டிவிட்டதாம். அந்த மழையிரைச்சலில் அவர் கத்தியிருந்தால் எவர் காதில் விழுந்திருக்கும்? வீட்டார் இறங்கி ஓடினர். முதலில் காவலரை மேட்டுக்கு அழைத்து வந்தனர். பிறகு அடிவரிசை மூட்டைகளில் இயன்றவற்றைத் திண்ணைமேல் ஏற்றினர். ஒரு பகுதி நனைந்துதான் போயிற்று. உயிருக்குத் தீங்கில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வெளியுலகத் தொடர்பு அற்ற நிலையிலும் அந்த அழைப்பு எவ்வாறு வந்தது? காரணம் இரண்டு. பாட்டரி ஒன்று. மற்றொன்று, இணைப்பகப் பெட்டி கடைக்குள்ளேயே இருந்தது. இப்போது மாத வாடகைக்குத் தொலைவிலுள்ள கணினி நிலையத்தையே இணைப்பகமாகப் பயன்படுத்தும் முறை பெருகி வருகிறது. பராமரிப்புத் தொல்லை குறைவு என்பது அதன் நன்மை. ஆனால் இழை அறுந்தால், சில அமைப்புகளில் முன்கடையிலிருந்து பின்கிடங்குக்குக்கூடப் பேச முடியாது. முற்றத்தைக் கடக்க வேண்டிய குரல் வெளியூர் சென்று திரும்ப வேண்டியிருப்பதே காரணம். வாடகை முறையை நாடுவோர், இணையம் நின்றால் உள்ளழைப்பு நிற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

அவசர எண்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. இணையத் தொலைபேசியிலிருந்து 108க்கோ 112க்கோ அழைத்தால், நீங்கள் நிற்குமிடம் அவர்களுக்குத் தானாகத் தெரியும் என்று நம்பாதீர்கள். எண் பதிவான முகவரி ஓரிடம். கருவி இருக்குமிடம் வேறிடமாக இருக்கலாம். கடையின் முகவரியையும் அடையாளத்தையும் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு கருவியின் பின்னாலும் ஒட்டியிருக்கிறோம். பதற்றத்தில் தன் தெருப்பெயரையே மறப்பவர் உண்டு. வேறு நிறுவனத்தின் சாதாரணக் கைப்பேசி ஒன்றும், முழு மின்னேற்றத்தோடு கல்லாவில் எப்போதும் இருக்கிறது.

வாங்குமுன் கேளுங்கள்

கருவி விற்பவர் நிறத்தையும் விலையையும் சொல்வார். நாம் கேட்க வேண்டியவை வேறு. மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரம் பேசும்? கிடங்கு நிறைந்திருக்கும்போதும் கேட்குமா? காமிராவுக்கும் குரலுக்கும் போட்டி வந்தால் எது முந்தும்? கடவுச்சொற்கள் யார் கையில் இருக்கும்? கருவிக்கு நடுவணரசின் ஒப்புதல் உண்டா? இழை அறுந்தால் உள்ளழைப்பு நிற்குமா? ஆறு மாதம் கழித்துப் பழுதானால் வந்து பார்ப்பவர் யார்? இந்த ஏழு கேள்விகளுக்கும் விடை சொல்லாதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

மருமகன் இப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கடை திறக்குமுன், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆறு கருவிகளிலும் பேசிப் பார்க்கிறான். பாட்டரியின் நிலையையும் கிடங்கு மூலையின் அலை வலுவையும் ஒரு நோட்டில் குறிக்கிறான். கணக்கெழுதும் பெரியவர் அந்த நோட்டையும் தம் பேரேட்டோடு சேர்த்தே பூட்டி வைக்கிறார். நிலையத்தில் நாங்கள் ஷிப்டு மாறும்போதெல்லாம் எழுதிய குறிப்பேட்டுக்கு அந்த நோட்டு எவ்வகையிலும் குறைந்ததன்று.